“சின்னராஜாவுக்கு ஜீவனாம்சம்தான்”: அண்ணன் சொல்வது சட்டமா, பழக்கமா?

தென்மாவட்டத்தில் பழைய ஜமீன் குடும்பம் ஒன்றின் இரண்டாவது மகன் எழுதியிருக்கிறார். வயது 46. ஓர் அண்ணன், ஒரு தங்கை, அம்மா இருக்கிறார்கள். ஜமீன் ஒழிப்பின்போது பட்டத்தில் இருந்தவர் தாத்தா. அவர் 1968-ல் காலமானார். அவருக்கு ஒரே மகன், ஒரே மகள். மகனான அப்பா 2021-ல் இறந்தார். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அண்ணனுக்குத் தலைப்பாகை கட்டி, வாளைக் கையில் கொடுத்து, ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பட்டம் சூட்டினார்கள். 2022-ல் பட்டா முழுவதும் அண்ணன் பெயருக்கு மாறியது. இருப்பவை ஊரார் அரண்மனை என்றழைக்கும் பெரிய வீடு, முப்பது ஏக்கர் நிலம், தென்னந்தோப்பு, நகைகள், வெள்ளிப் பாத்திரங்கள், ஓலைச்சுவடிகள். பரம்பரை அறங்காவலர் பொறுப்பும் பரிவட்டமும் உள்ள ஒரு கோயிலும் உண்டு.

வீட்டை ஓட்டல் நிறுவனம் ஒன்றுக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விட அண்ணன் பேசி வருகிறார். “நம் வம்சத்தில் மூத்தவனுக்குத்தான் எல்லாம். உனக்கு மாதம் 15,000 ரூபாய் ஜீவனாம்சம். பங்கு கேட்கமாட்டேன் என்ற இந்த விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு” என்று போன மாதம் கடிதம் அனுப்பியிருக்கிறார். “நவராத்திரி கொலுமண்டபத்தில் அண்ணன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருவான், நான் தூணோரம் நிற்பேன். சின்னராஜா என்று கூப்பிடுவார்கள், ஆனால் சாவிக்கொத்து என் கைக்கு வந்ததே இல்லை. வழக்குப் போட்டால் அம்மா உடைந்துவிடுவார். அரசர் பட்டங்களே ஒழிந்துவிட்ட நாட்டில் இவன் எப்படி ராஜா? எனக்கு என்ன கிடைக்கும்? பரிவட்டத்தில் பாதியாவது எனக்கு வர வேண்டாமா? தங்கைக்குக் கல்யாணத்திலேயே 100 பவுன் போட்டாயிற்று, அவளைக் கணக்கில் சேர்க்க வேண்டியதில்லை. அத்தை குடும்பத்தோடு போக்குவரத்தே கிடையாது” என்று முடிக்கிறார்.

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் ஒரே மூச்சில் மூன்று விஷயங்களைக் கேட்டிருக்கிறீர்கள்: சொத்து, கோயில் பதவி, மரியாதை. மூன்றுக்கும் சட்டம் வேறு வேறு. முதலாவதில் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. இரண்டாவதில் அண்ணன் கை ஓங்கியிருக்கலாம். மூன்றாவதில் நீதிமன்றத்துக்குப் பெரிதாக வேலை இல்லை. இவற்றைக் கலந்து பேசும்வரை உங்கள் வீட்டில் எந்தப் பேச்சுவார்த்தையும் உருப்படாது.

உங்கள் அண்ணனைப் போலவே நீங்களும் ஒரு தவறான நம்பிக்கையில் இருக்கிறீர்கள். 1971-ல் வந்த 26-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் சுதேச சமஸ்தான மன்னர்களின் அங்கீகாரத்தையும் மன்னர் மானியத்தையும் ஒழித்தது. புதுக்கோட்டை, திருவிதாங்கூர் போன்ற சமஸ்தானங்களுக்கு அது பொருந்தும். உங்களுடையது ஜமீன். 1802-ஆம் ஆண்டு நிரந்தர செட்டில்மெண்ட் ஒழுங்குமுறையின் வழியே சன்னது என்ற உரிமைப் பத்திரம் பெற்று, ஆங்கிலேயருக்குப் பேஷ்குஷ் என்ற நிலையான வரி கட்டி வந்த எஸ்டேட். அதை முடித்துவைத்தது 1948-ஆம் ஆண்டு சென்னை எஸ்டேட்டுகள் ஒழிப்பு மற்றும் ரயத்துவாரி (நிலம் வைத்திருப்பவரே அரசுக்கு நேராக வரி கட்டும் முறை) மாற்றுச் சட்டம். எனவே 26-ஆவது திருத்தத்தைக் காட்டி அண்ணனிடம் வாதாட வேண்டாம். அவருடைய வழக்கறிஞர் ஒரே பத்தியில் அதைத் தள்ளிவிடுவார். உங்களிடம் அதைவிட வலுவான வாதம் இருக்கிறது.

மூத்தவருக்கே எல்லாம் என்பது எங்கிருந்து வந்தது?

அண்ணன் சொல்வது கட்டுக்கதை அல்ல. ஒரு காலத்தில் அது சட்டம்தான். பாளையப்பட்டாக இருந்தபோது படை நடத்த ஒரே தலைமை வேண்டியிருந்தது. ஜமீனான பிறகு வரி தவறாமல் வர ஒரே கை வேண்டியிருந்தது. எஸ்டேட்டைப் பிள்ளைகளுக்குப் பிரித்தால் பேஷ்குஷ் நிலுவை விழும், ஏலத்துக்குப் போகும். அதனால் பங்கு பிரிக்க முடியாத எஸ்டேட் என்ற கோட்பாடு உறைந்தது: மூத்தவருக்குப் பட்டம், இளையவர்களுக்கு ஜீவனாம்சம். அந்த ஜீவனாம்சத்தைக்கூட நீதிமன்றங்கள் தாராளமாகப் பார்க்கவில்லை. பட்டத்தில் இருப்பவரின் பிள்ளைகளைத் தாண்டிய உறவினருக்கு, வழக்காறு நிரூபிக்கப்பட்டாலொழிய உரிமை இல்லை என்று 1918-ல் பித்தாபுரம் வழக்கில், அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் சொன்னது. 1904-ஆம் ஆண்டு சென்னைச் சட்டம் ஒன்று, அட்டவணையில் பெயர் சொல்லப்பட்ட எஸ்டேட்டுகளைப் பட்டத்தில் இருப்பவர் இஷ்டத்துக்கு விற்காதபடி கட்டுப்படுத்தி, இளையவர் முதலானோரின் ஜீவனாம்சத்துக்கும் வழி செய்தது.

நீங்கள் தூணோரம் நின்றதற்குப் பின்னால் இருந்தது இந்த ஏற்பாடுதான். உங்கள் அப்பாவும் அதற்குள்தான் வளர்ந்தார். அவருக்கு உங்கள்மேல் பாசம் இருந்ததா இல்லையா என்பதற்கு அந்தத் தூண் சாட்சியாகாது. வழக்குரைகளில் இதை எழுத முடியாது, ஆனால் பேச்சுவார்த்தைக்கு உட்காரும்முன் உங்கள் மனத்தில் இது தெளிந்திருப்பது நல்லது. சிறுவயதுக் கணக்கைத் தீர்க்க வருகிறவர் நல்ல சமரசத்தையும் கைநழுவ விடுவார்.

அந்த ஏற்பாட்டின் அடித்தளம் போய்விட்டது. 1948 சட்டப்படி எஸ்டேட் அரசிடம் போனது. பங்கு பிரிக்க முடியாத எஸ்டேட்டுகளுக்கான இழப்பீட்டை எப்படிப் பகிர்வது என்று அதே சட்டத்தின் 45-ஆம் பிரிவு சொல்கிறது. கடன்காரர்களுக்கும் ஜீவனாம்சக்காரர்களுக்கும் உரியது போக மீதியை, ஜமீன்தாரும் அவருடைய மகன், பேரன்மாரும் கூட்டுக் குடும்பமாக இருந்து பாகம் பிரித்துக்கொண்டதைப் போலக் கணக்கிட்டுப் பகிரச் சொல்கிறது. மூத்தவருக்கு மட்டும் என்ற பேச்சு அங்கேயே உடைகிறது. (அந்த இழப்பீட்டில் இப்போது ஏதாவது வாங்க முடியுமா என்று யோசிக்க வேண்டாம். அது என்றோ மூடிய கணக்கு.)

அடுத்து 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டம். அதன் 4-ஆம் பிரிவு பழைய வழக்காறுகளை மீறி நிற்கிறது. ஒரே வாரிசுக்குப் போகும் எஸ்டேட்டுகளுக்கு 5-ஆம் பிரிவில் விலக்கு உண்டு. ஆனால் ஒன்று, சமஸ்தான மன்னர் இந்திய அரசோடு செய்த உடன்படிக்கையின் வாசகத்தால் அப்படிப் போக வேண்டும். அல்லது 1956-க்கு முன் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தின் வாசகத்தால் போக வேண்டும். வெறும் குடும்ப வழக்காறு போதாது. நகர் உண்டாரி எஸ்டேட்டைப் பற்றி அண்ணன் தம்பி இருவருக்கிடையே நடந்த வழக்கில் 1981-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. சமஸ்தானக் குடும்பங்களிலேயே இப்போது நிலை மாறிவிட்டது: ராம்பூர் நவாப் குடும்ப வழக்கில், அரியணை மூத்தவருக்குப் போகும் என்ற விதி தனிப்பட்ட சொத்துக்குப் பொருந்தாது, எல்லா வாரிசுகளுக்கும் தனிநபர் சட்டப்படி பங்கு உண்டு என்று 2019-ல் தீர்ப்பானது. எதிர்த்தரப்பு 1904 சட்டத்தைக் காட்டி விலக்குக் கேட்கலாம். அந்தச் சட்டம் காத்துநின்ற எஸ்டேட்டே அரசிடம் போய்விட்டது என்பதுதான் பதில்.

உங்கள் பங்கு எவ்வளவு

பட்டம் சூட்டும் சடங்கு சொத்தை மாற்றும் ஆவணம் அல்ல. பட்டாவும் அப்படித்தான்: அது வருவாய்த்துறைப் பதிவு, உரிமையைத் தீர்மானிக்காது. அப்பாவின் வாரிசுகள் நான்கு பேர் இருக்க ஒருவர் பெயருக்கு மட்டும் மாற்றியதை எதிர்த்துக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் உரிமையே தகராறு என்றால் அவர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போகச் சொல்வார். இதில் ஆண்டுகளைக் கரைக்காதீர்கள்.

கணக்கு இரண்டு விதமாக வரும். சொத்து அப்பாவின் தனிச் சொத்து என்றால் அம்மா, அண்ணன், நீங்கள், தங்கை ஆளுக்கு 4-ல் 1 பங்கு. பூர்வீகக் கூட்டுக் குடும்பச் சொத்து என்றால், அப்பா இறப்பதற்குச் சற்றுமுன் பாகம் பிரித்ததாகக் கற்பனை செய்ய வேண்டும். அப்பாவுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 4-ல் 1. பிறகு அப்பாவின் கால் பங்கு அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சமமாக, ஆளுக்கு 16-ல் 1. ஆக உங்களுக்கு 16-ல் 5, அம்மாவுக்கு 16-ல் 1.

தங்கைக்கும் உங்கள் அளவே பங்கு உண்டு. வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தத்துக்குப் பிறகு மகளும் பிறப்பால் பங்காளி. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்தாரா என்ற கேள்விகூட 2020-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்போடு முடிந்துவிட்டது. 100 பவுன் சீதனம், பங்குக்கு ஈடாகாது. ‘மூத்தவனுக்குத்தான்’ என்ற பேச்சை எதிர்க்கிற நீங்கள் ‘ஆண்களுக்குத்தான்’ என்று பேசினால் நீதிமன்றத்தில் எடுபடாது. அதைவிட, தங்கை உங்களோடு நிற்பது ஏன் முக்கியம் என்பதைக் கீழே சொல்கிறேன்.

நீங்கள் ஒற்றை வரியில் கடந்துபோன அத்தைதான் இந்த வழக்கின் கண்ணிவெடி. தாத்தா 1968-ல், அதாவது வாரிசுரிமைச் சட்டம் வந்தபிறகு, இறந்திருக்கிறார். மகள் முதல் வகுப்பு வாரிசு, அதாவது மகனோடு சமமாக முதலில் பங்கு பெறுபவர். தாத்தா உயில் எழுதாமல் போயிருந்தால் அத்தைக்கு அன்றே பங்கு உருவாகிவிட்டது. நான் மேலே சொன்ன பின்னங்கள் அப்பாவுக்கு வந்த பகுதிக்கு மட்டுமே பொருந்தும். அத்தையையோ, அவர் இல்லையென்றால் அவர் பிள்ளைகளையோ சேர்க்காமல் பாகப்பிரிவினை வழக்குப் போட்டால், தேவையான தரப்பினரைச் சேர்க்கவில்லை என்றே வழக்குத் தள்ளுபடியாகலாம். அவர் விடுதலைப் பத்திரம் ஏதாவது எழுதிக்கொடுத்தாரா என்று 1968 முதல் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள்.

இன்னோர் ஆபத்து உயில். அப்பா எல்லாவற்றையும் மூத்த மகனுக்கு எழுதிவைத்ததாக நாளை ஒரு தாள் வரலாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது உயிரோடு இருந்தால் நீதிமன்றத்தில் வந்து நிரூபிக்க வேண்டும். உண்மையான உயிலாகவே இருந்தாலும் அப்பா தன் பங்கைத்தான் எழுத முடியும். கூட்டுக் குடும்பச் சொத்து என்றால் உங்கள் 4-ல் 1 அப்படியே நிற்கும். தனிச் சொத்து என்றால் உங்களுக்கு எதுவும் மிஞ்சாமல் போகலாம். அதனால்தான் சொத்தின் தன்மை இந்த வழக்கின் உயிர்நாடி. 1863-ல் முடிந்த சிவகங்கை ஜமீன் வழக்கும் இதே கேள்வியில்தான் முடிவானது. ஜமீன்தார் தாமே பெற்ற சொத்து என்று முடிவானதால், உடன்பிறந்தவரின் பிள்ளைகளைத் தாண்டி அவருடைய மனைவி, மகள் வழிக்குப் போனது.

சொத்தின் தன்மையைக் காட்ட, ஒழிப்புச் சட்டத்தின் கீழ் செட்டில்மெண்ட் அதிகாரி போட்ட உத்தரவுகள், ரயத்துவாரி பட்டா வழங்கிய பதிவு, இழப்பீட்டைப் பகிர்ந்த தீர்ப்பாயத்தின் ஆணை ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள் வேண்டும். மாவட்ட ஆட்சியரகப் பதிவறையிலும் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்திலும் தேடுங்கள். முப்பது ஏக்கரில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் ‘அ’ பதிவேடு என்ற கிராம நிலப் பதிவேட்டைத் தனித்தனியாகப் பாருங்கள். ஜமீன் குடும்பங்களில் அடிக்கடி நடப்பது இது: தங்கள் நிலம் என்று தலைமுறையாக நினைத்த தோப்பு சுவாமி பெயரில் இருக்கும். அது குடும்பச் சொத்தே அல்ல. அறநிலையத் துறை ஆணையரின் அனுமதியின்றி விற்றாலோ நீண்ட குத்தகைக்கு விட்டாலோ செல்லாது.

கோயிலும் பரிவட்டமும்

பரம்பரை அறங்காவலர் என்பது பதவி. வீட்டைப் போல அதை நான்காகக் கூறுபோட முடியாது. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம் அந்தப் பதவிக்கான வாரிசுமுறையை வழக்காற்றுக்கும் நிறுவனரின் ஏற்பாட்டுக்கும் விட்டிருக்கிறது. மூத்தவருக்கே என்பது நீண்டநாள் வழக்காறு என்று நிரூபணமானால் அண்ணன் இங்கே வெல்வார். முறைவைத்து மாறிமாறிப் பார்த்த வரலாறு இருந்தால் மட்டுமே உங்களுக்கு வழி உண்டு. தாத்தாவின் தம்பிமார் யாராவது முறை பார்த்தார்களா என்று பழைய கோயில் கணக்குகளில் தேடுங்கள். தகராறு என்றால் 63-ஆம் பிரிவின் கீழ் இணை ஆணையரிடம் மனு. அதன்மேல் ஆணையரிடம் மேல்முறையீடு, பிறகுதான் நீதிமன்றம். நேராக உரிமையியல் வழக்குப் போட்டால் நிற்காது.

கோயிலில் யாருக்கு எந்த மரியாதை வழக்காற்றுப்படி உரியது என்பதையும் அதே 63-ஆம் பிரிவின் கீழ் கேட்கலாம். ஆனால் பதவியோடு ஒட்டாத வெறும் மரியாதையை உரிமையியல் நீதிமன்றங்கள் உரிமையாக ஏற்பதில்லை. “பரிவட்டத்தில் பாதி” என்ற உங்கள் கோரிக்கையை நான் எழுதமாட்டேன். அண்ணன் அழைப்பிதழில் ராஜா என்று போட்டுக்கொள்வதையும் விட்டுவிடுங்கள். அதற்குச் சட்ட மதிப்பும் இல்லை, அதனால் உங்களுக்கு ஒரு சென்ட் நட்டமும் இல்லை.

இந்த மாதமே செய்ய வேண்டியவை

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டாம். பதிவான பின் ஏமாற்றினார்கள், மிரட்டினார்கள் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும். உண்மை தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குப் போட்டாகவும் வேண்டும். மாதம் 15,000 ரூபாய் என்பதும் வெறும் வாக்குறுதி. சொத்தின்மேல் பொறுப்பாகப் பதிவு செய்யாதவரை, அண்ணனுக்குப் பின் அவர் பிள்ளைகளிடம் கையேந்த வேண்டியிருக்கும்.

அண்ணனின் கடிதத்தை உறையோடு பத்திரப்படுத்துங்கள். கூட்டுச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர், அது தெரிந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். உங்கள் கடிகாரம் அனேகமாக அந்த உறையின் தேதியில் ஓடத் தொடங்கியிருக்கிறது. பணம் வங்கிக்கு வந்தால் திருப்பி அனுப்ப வேண்டாம். ஆனால் “கூட்டுச் சொத்தின் வருமானத்தில் என் பங்கின் ஒரு பகுதியாகப் பெற்றுக்கொள்கிறேன், ஜீவனாம்சமாக அல்ல” என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள்.

வீட்டில் உங்களுக்கென்று ஓர் அறை இருந்தால் அதன் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். திருவிழாவுக்குப் போய் அங்கேயே தங்குங்கள். இதில் பணக்கணக்கும் உண்டு: கூட்டு அனுபோகத்தில் இருப்பவர் போடும் பாகப்பிரிவினை வழக்குக்கு நிலையான சிறு தொகைதான் நீதிமன்றக் கட்டணம். வெளியேற்றப்பட்டவர் தன் பங்கின் சந்தை மதிப்பில் 3 சதவீதம் கட்ட வேண்டும்.

ஓட்டல் நிறுவனத்துக்கு, சொத்து பிரிக்கப்படாதது, மற்றவர்களின் சம்மதம் இல்லை என்று வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். ஒரு பங்காளி தன் பங்கைத்தான் மாற்றிக்கொடுக்க முடியும். பிரிக்கப்படாத குடும்பம் வசிக்கும் வீட்டில் வெளியார் கூட்டு அனுபோகம் கேட்க முடியாது என்று சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு சொல்கிறது. கோடிகளைப் போட்டுப் புதுப்பிக்க வருகிற நிறுவனம் இதைப் படித்ததும் அண்ணனிடம் எல்லார் கையெழுத்தையும் கேட்கும். பல வீடுகளில் பேச்சுவார்த்தை தொடங்குவதே அங்கிருந்துதான். அண்ணன் முந்திக்கொண்டு தடையாணை வாங்காமல் இருக்க முன்னெச்சரிக்கை மனு (கேவியட்) போட்டுவையுங்கள். அது 90 நாள் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும்.

நகை, வெள்ளி, சுவடிகளைப் படத்தோடு பட்டியலிடுங்கள். நூறு ஆண்டைக் கடந்த கலைப்பொருள்களும் 75 ஆண்டைக் கடந்த சுவடிகளும் 1972 சட்டப்படி தொல்பொருள்களாகலாம். தனியார் அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

வழக்கா, சமரசமா

வழக்குப் போட்டால் முதல்நிலைத் தீர்ப்பாணை, ஆணையர் வந்து அளப்பது, இறுதித் தீர்ப்பாணை என்று ஆண்டுக்கணக்கில் நீளும். அதைவிடப் பெரிய ஆபத்து வீடே. வசதியாகப் பிரிக்க முடியாத சொத்தை விற்றுப் பணத்தைப் பகிர, பாதிக்குக் குறையாத பங்கு உள்ளவர்கள் கேட்டால், 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டப்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். மற்றப் பங்காளிகள் மதிப்பிட்ட விலைக்கு வாங்கிக்கொள்ளும் வாய்ப்பும் உண்டு. அப்பாவின் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால், நீங்களும் தங்கையும் சேர்ந்து அந்தப் பாதியைத் தொடுகிறீர்கள். தங்கையை ஏன் விலக்கக் கூடாது என்பது இப்போது புரியும். அந்த ஆயுதத்தை நீங்கள் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அது உங்களிடம் இருப்பது அண்ணனுக்குத் தெரிந்தால் போதும்.

என் யோசனை: வீட்டைப் பிரிக்காமல் எல்லாருடைய பெயரிலும் வைத்து, குத்தகை வருமானத்தைப் பங்கின் விகிதத்தில் பகிருங்கள். அம்மாவுக்கு ஆயுள்வரை வசிக்கும் உரிமையை எழுத்தில் கொடுங்கள். நிலத்தை அளந்து பிரியுங்கள். வாள், பட்டம், கோயில் பொறுப்பு ஆகியவற்றை அண்ணனுக்கே விட்டுவிடுங்கள். அவர் உயிராக நினைப்பது அதைத்தான் என்று உங்கள் கடிதத்திலிருந்தே தெரிகிறது. உங்களுக்கு அதனால் இழப்பு மிகக் குறைவு. அத்தை வீட்டாரையும் அந்தப் பேச்சில் உட்கார வையுங்கள்.

இதை மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய மனுவாகக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் முடிக்கலாம். அங்கே கட்டணம் இல்லை, அதன் தீர்வு தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. அம்மாவிடம் “கோர்ட்டுக்குப் போகிறேன்” என்று சொல்வதைவிட, “பேசி எழுதிக்கொள்ள உட்காருகிறோம், நீங்களும் வாருங்கள்” என்று சொல்லுங்கள். அவரும் பங்குதாரர், அவர் கையெழுத்தும் வேண்டும். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு, நடந்ததை நினைவுக்குறிப்பாக எழுதினால் பதிவு கட்டாயமில்லை என்று ஊரில் யாராவது சொல்வார்கள். அது சரிதான், ஆனால் அந்தத் தாளே பாகத்தை உண்டாக்குவது போல ஒரு வாக்கியம் எழுதப்பட்டாலும் பதிவில்லாமல் அது சாட்சியத்துக்கு உதவாது. குடும்பத்தினருக்குள் எழுதும் பாகப்பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வையில் உச்சவரம்பு உண்டு. இவ்வளவு பெரிய சொத்துக்கு அது சிறு செலவு, பதிவு செய்துவிடுங்கள்.